வெட்டச் சொன்ன ஒரு நிமிடம்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்கமாட்டேன். போன ஞாயிறு நீ புட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுப் பாதியைத் தட்டில் விட்டு எழும்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கை கழுவிக்கொண்டு வந்து, "அம்மா, இனி எனக்கு ஏலாது. மியூனிக்கில ஒரு கொம்பனி கூப்பிடுது. விளம்பரப் படம் எடுக்கிற வேலை. மாதக் கடைசிக்குள்ள கையெழுத்து வைக்கவேணும்," என்றாய். அப்பா தலையாட்டினார். நான் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்று யோசித்ததை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு பிரதியைத் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். இன்னொன்றை வருகிற ஞாயிறு பின்னேரம், உள்ளூர் வானொலி நம்மவர்களுக்கு ஒதுக்கியிருக்கிற தமிழ் நேரத்தில், நான் வழக்கமாகப் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும் வாசிக்கிற அதே குரலில் வாசிக்கப் போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். இந்த வுப்பர்டால் நகரத்துத் தமிழர் எல்லாரும் உன்னைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டார்கள். பெற்றவள் ஒருத்திதான் இன்னும் வாய் திறக்கவில்லை.

அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். ரீச்சரின் மகன் தங்களுக்கு உதவி செய்த மனிசனையே தொலைக்காட்சியில் நாறடிக்கப் பார்த்தான், மேலிடம் பிடித்து நிறுத்திவிட்டது, இப்போது வேலையும் போகப் போகிறது. நான் படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளி வாசலில் என்னைக் கண்டதும் கதையை மாற்றுகிறார்கள். சனிக்கிழமை ஒருத்தி என் தோளைத் தடவி, "கவலைப்படாதேங்கோ ரீச்சர், பிள்ளையளுக்கு இந்தக் காலத்தில நன்றி தெரியாது," என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சோக்கட்டியை இரண்டாக உடைத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள்.

உனக்குப் பொய் வராது என்பது எனக்கு நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தெரியும். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கட்டணம் கேட்டு வீடு வீடாக வருகிற மனிதர் ஒருநாள் நம் கதவையும் தட்டினார். அகதி வீட்டில் அதற்கெல்லாம் கட்டவேண்டுமா என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் என் சீலையைப் போர்த்திவிட்டு, வாசலில் நின்று கையை விரித்து, இல்லை இல்லை என்றார். நீ அப்பாவின் காலுக்கிடையால் தலையை நீட்டி, சுத்தமான ஜெர்மன் மொழியில், "இருக்கு, அம்மாவின் சீலைக்குக் கீழே இருக்கு," என்று சொன்னாய். வந்தவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அன்று உனக்கு விழுந்த அடியை நான் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கட்டத் தொடங்கினோம். பிறகு அந்தக் கட்டணத்தில் நடக்கிற தொலைக்காட்சி நிலையத்துக்கே நீ வேலைக்குப் போனபோது அப்பாவின் பெருமையைப் பார்க்கவேண்டும். "இது அரசாங்கத்தின்ர ரிவி இல்லை, முதலாளியின்ர ரிவியும் இல்லை. நாங்கள் காசு கட்டி நடத்திற ரிவி. என்ர மகன் அதில செய்தியாளர்," என்று ஆற்றுக்கு மேலால் போகிற நம் தொங்கு ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்.

அந்தப் பெருமையோடு நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. நாங்கள் காசு கட்டுகிறோம், சரி, ஆட்டி வைக்கிறவர் யார்? நீதான் ஒருநாள் மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் வைத்து விளங்கப்படுத்தினாய். நிலையத்துக்கு மேலே ஒரு மன்றம் இருக்கிறது. தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், விவசாயிகள், கட்சிகள் என்று எல்லாருக்கும் அதில் கதிரை உண்டு. அரசாங்கம் நிலையத்தைத் தன் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே அப்படி ஒழுங்கு செய்தார்கள். ஆனால் கூட்டத்துக்கு முதல்நாள், ஒரு கட்சிப் பக்கத்து ஆட்கள் ஒரு அறையிலும் மற்றக் கட்சிப் பக்கத்து ஆட்கள் இன்னொரு அறையிலும் கூடிக் கதைத்துவிட்டுத்தான் வருவார்களாம். செய்திப் பிரிவுக்கு யார் தலைமை ஆசிரியர், யாருடைய ஒப்பந்தத்தை நீடிப்பது என்பது அங்கேயே முடிந்துவிடுமாம். உன்னோடு படித்த இத்தாலிக்காரப் பையன் தன் நாட்டில் எந்த அலைவரிசை எந்தக் கட்சிக்கு என்று பங்கே பிரித்துவிடுவார்கள் என்றானாம். கூடப் படித்த போலந்துக்காரி, தங்கள் ஊரில் ஆட்சி மாறினால் மாலைச் செய்தி வாசிக்கிற முகமும் மாறும் என்றாளாம். "இஞ்ச அப்பிடி இல்லை அம்மா, இஞ்ச மெதுவாத்தான் நடக்கும்," என்றாய். எனக்கு அது பகிடியாகப் பட்டது, சிரித்தேன்.

அந்த மன்றத்துக் கதிரைகளில் ஒன்றில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வெயில் அடித்தாலும் கையில் கறுப்புக் குடையோடு வருவதால் நாம் எல்லாரும் குடை ஐயா என்று அழைக்கிற நகரசபை உறுப்பினர். வானொலியில் கேட்கிறவர்களுக்கும் ஆள் யாரென்று விளங்கும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நம்முடைய விசா நீடிக்காமல் இழுபட்ட அந்த மாரிகாலத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நம்மோடு நடந்து வந்தவர் அவர். அங்கே நாம் காத்திருந்த மரவாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து, உனக்கு மடித்துக் கொடுத்த காகிதக் கப்பல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் உள்ளே போய்க் கதைத்துவிட்டு வந்த பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. இந்த வீடும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. தமிழ்ப் பள்ளிக்கு மண்டபமும் அவர் சொல்லித்தான். நன்றி எனக்கு உண்மையாகவே இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நாளும் என் வாய் கட்டிப்போய்க் கிடந்தது.

இனி நீ நிலையத்துக்காக எடுத்த படம். நகரசபையின் வீட்டு நிறுவனம் நம்முடைய தொடர்மாடிகளை விற்கப் போகிறது என்று கதை வந்த கோடையில், குடை ஐயா நம் முற்றத்துக்கு வந்தார். குப்பைத் தொட்டிகளுக்கும் உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்கும் நடுவில் நின்று கதைத்தார். தான் இருக்கும்வரை இந்த வீடுகள் நகரசபையின் கையை விட்டுப் போகாது, தன் வாக்கு அதற்கு எதிராகத்தான் விழும் என்றார். மொழி விளங்காத நம் சனங்களுக்கு அதை வரிவரியாகத் தமிழில் சொன்னவள் நான். அடுத்த மாரிக்குள் வீடுகள் விற்கப்பட்டன. விற்கலாம் என்று கை உயர்த்தியவர்களில் அவரும் ஒருவர். புது முதலாளியை யாரும் கண்ணால் காணவில்லை. வெப்பமூட்டி பழுதாகி, படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறி, கீழ்வீட்டு ஜெர்மன்காரி இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீ அதைப் படம் எடுத்தாய். அம்மா அப்பா அதே கட்டிடத்தில் இருக்கிறார்கள் என்று முதல்நாளே நிலையத்தில் உன் பொறுப்பாசிரியையிடம் சொன்னாய். அவள், நல்லது, சனங்கள் உன்னை நம்பிக் கதவு திறப்பார்கள் என்றாளாம். அப்படிச் சொல்லியும் நீ என்னைப் படம் எடுக்கவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரி முற்றத்தில் குடை ஐயா சொன்னதைச் சொன்னாள், அதற்குப் பக்கத்தில் அவர் கை உயர்த்திய கதையை வைத்தாய். அந்தப் பகுதி மொத்தமும் ஒரு நிமிடம்.

படம் ஒளிபரப்பாவதற்கு முதல் கிழமை பொறுப்பாசிரியை உன்னைக் கூப்பிட்டு, நல்ல படம், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துவிடு என்றாள். நீ ஏலாது என்றாய். அன்று பின்னேரமே எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா, ராசா? "ஒரு நிமிடந்தானே, எடுத்துவிடு. அந்த மனிசன் எங்களுக்குச் செய்ததை யோசிச்சுப் பார்," என்றேன். நீ, "அம்மா, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டாய். உன்னிடம் அதை வெட்டச் சொன்ன ஆட்களின் வரிசையில் உன் அம்மாவும் நிற்கிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிள்ளைக்கு வேலை நிலைக்கவேண்டும், ஊர்ப் பழி வரக்கூடாது, அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தது அந்தப் புகைப்படக் கதை. பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறுகிற எவருக்கும் பொன்னாடை போர்த்துவது நம் வழக்கம். பள்ளியையும் தமிழ் நேரத்தையும் நடத்துகிற கமிற்றியில் இருக்கிற சிவநேசன் அண்ணை ஒரு பழைய சூட்கேசில் பொன்னாடைகளை மடித்து வைத்திருக்கிறார். விருந்தினர் மேடையை விட்டு இறங்கியதும் பவ்வியமாக வாங்கி மடித்து அடுத்த வருடத்துக்கு வைத்துவிடுவார். குடை ஐயாவுக்குப் போர்த்திய அதே பொன்னாடை, அதற்கு முந்திய வருடம் தீயணைப்புப் படை அதிகாரியின் தோளில் கிடந்தது. போர்த்தியவள் நான், ஏனென்றால் அந்த வருடம் மூத்த ஆசிரியை நான். முதுகு வளைந்து, இரண்டு கையும் குவித்து நிற்கிற என்னைப் புகைப்படம் எடுத்து, பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டு, 'எங்கள் குடும்பங்களின் காவலர்' என்று ஜெர்மன் மொழியில் எழுதியும் வைத்தார்கள். அந்தப் புகைப்படம் எப்படியோ நிலையத்துக்குப் போய்விட்டது. யார் அனுப்பினார் என்று தெரியாது. மன்றத்துக் கூட்டத்தில் குடை ஐயா சத்தம் போடவில்லை, கட்டளையும் இடவில்லை. செய்தியாளர்கள் சொந்த வீட்டுக் கதையை எடுப்பது இங்கே வழக்கமா என்று ஒரேயொரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். உன் பொறுப்பாசிரியைக்கு மேலே இருப்பவரின் ஒப்பந்தம் அதே மன்றத்தின் முன்னால் இருந்த நேரம் அது. அடுத்த நாள் உன்னிடம், நீ பக்கச்சார்பானவன், விலகியிரு என்றார்கள். அம்மா அவருக்கு முன்னால் கைகூப்புகிறாள் என்பதும் குற்றம், அம்மாவின் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் என்பதும் குற்றம். நீ எடுத்த படம் அலுமாரிக்குள் போனது. உனக்குத் தருவதாகச் சொன்ன நிரந்தர வேலையைப் பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

எங்களுடைய ஊரில் சண்டை நடந்த காலத்தில் அரசாங்க வானொலி எப்படிக் கதைக்கும் என்று நீ கேட்டதில்லை. வெளியே ஷெல் விழுந்து யன்னல் அதிர, உள்ளே அந்தப் பெட்டி, நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது என்று வாசிக்கும். அந்தக் குரல் நல்ல தமிழ், திருத்தமான உச்சரிப்பு. அதை வாசிக்கிற மனிதனும் வீட்டில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவன்தானே, எப்படி வாசிக்கிறான் என்று நான் பல நாள் திட்டியிருக்கிறேன். அங்கே உயிர் போகிற கதை, இங்கே ஒரு நிமிடம் போகிற கதை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சொன்னால் நீயே கோபிப்பாய். ஆனால் நீ ரெலிபோனை வைத்த பிறகு, நான் உனக்குச் சொன்னதை எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆளுக்கும் யாரோ ஒருவர் இப்படி நயமாகத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

போன மாதம் சிவநேசன் அண்ணை சந்தோசமாக ரெலிபோன் எடுத்தார். "ரீச்சர், மண்டபம் வாற வருசமும் எங்களுக்குத்தானாம். ஐயா தானாவே கூப்பிட்டுச் சொன்னவர். எல்லாம் வடிவா முடிஞ்சுது," என்றார். ஓம் அண்ணை, நல்லது என்று சொல்லிவிட்டு வைத்தேன். எது முடிந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை அதே மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கினேன். வெளிச்சமான மண்டபம், நல்ல சூடு, பெரிய கரும்பலகை. என் மகனின் ஒரு நிமிடத்தை விலையாகக் கொடுத்துத்தான் இந்தப் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. பிள்ளைகள் மேல் என்ன பிழை சொல்ல? மண்டபம் போனால் அவர்கள் எங்கே போய்ப் படிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அந்தப் பயம் இருக்கிறது.

போன ஞாயிறு நீ போன பிறகுதான் பேனையை எடுத்தேன். தமிழ் நேரத்துக்கான பதிவைச் சனிக்கிழமை செய்து, சிவநேசன் அண்ணைதான் வீட்டில் கணினியில் வைத்து, பாட்டுகளை இடையில் கோத்து, வானொலிக்குக் கொடுப்பார். அவருக்குச் சொல்லாமல் செய்வது மரியாதை இல்லை என்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். வடையும் தேத்தண்ணீரும் வைத்து, அதுவரை எழுதியிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். சீலைக்குக் கீழே ரிவி இருந்த இடத்தில் சிரித்தார். முற்றத்துக் கதை வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

"நல்ல கடிதம் ரீச்சர். ஒரு தாயின்ர மனசு அப்பிடியே தெரியுது," என்றார். "முற்றத்தில ஐயா சொன்னதா வாற இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. ஒரு நிமிசமும் வராது."

நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா யன்னலைப் பார்த்தார். சிவநேசன் அண்ணை கெட்டவர் இல்லை, உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவருடைய பேரப்பிள்ளைகளும் அந்த மண்டபத்தில்தான் படிக்கிறார்கள். அதே மெதுவான குரல், அதே அக்கறை. உன் மேசைக்கு முன்னால் நின்று பொறுப்பாசிரியை சொன்னதும், ரெலிபோனில் நான் சொன்னதும் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் பட்டது. "அண்ணை, அவர் சொன்னவர்தானே. நீங்களும் முற்றத்தில நிண்டனீங்கள்," என்றேன்.

"நிண்டன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார். "ஆனா இதை நீங்கள் வாசிச்சா நான் என்ன செய்யிறது? கமிற்றியைக் கேக்கவேணும்."

"கேளுங்கோ. நான் எடுக்கமாட்டன்," என்றேன். அவர் எழும்பி, வடையில் மிச்சத்தைக் கடுதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கோபமாகப் போகவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கதவு சாத்திய பிறகு அப்பா யன்னலை விட்டுத் திரும்பாமலே, "அவன் அண்டைக்கு உண்மையைச் சொன்னதுக்குத்தானே நான் அடிச்சனான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதனால், மகனே, நீ என்னிடம் கேட்காததை, கேட்கக் கூடாது என்று உன் தொழில்முறை சொன்னதை, நானாகவே இங்கே சொல்கிறேன். குடை ஐயா நம் முற்றத்தில் நின்று அந்த வாக்கைக் கொடுத்தார். நான் கேட்டேன். என் வாயால் தமிழில் சொன்னேன். நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் மகன் எடுத்த படத்தில் பொய் இல்லை. பொன்னாடை நான் போர்த்தியதுதான், அந்த மனிதர் நமக்குச் செய்த உதவிக்கு இன்னொரு முறையும் போர்த்துவேன். அதற்கும் நம் சுவரின் பூஞ்சணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மியூனிக்குக்குப் போகாதே என்று நான் கட்டளையிடமாட்டேன். ஏற்கனவே ஒருமுறை வேண்டாத புத்தி சொல்லிவிட்டேன். களைத்துப் போனால் போ, நல்ல சம்பளம் என்றாலும் போ, அங்கே ஒருத்தியைக் கண்டுபிடித்திருந்தால் நாலு கால் பாய்ச்சலில் போ, நான் சமைத்துக் கட்டித் தருகிறேன். ஆனால் நீ பக்கச்சார்பானவன் என்று அவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டு மட்டும் போகாதே. அது எனக்குத் தாங்காது. போன ஞாயிறு நீ தட்டைத் தள்ளிவிட்டு எழும்பியபோது உன் முகத்தில் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. அதைக் கண்டுதான் நான் குசினிக்குள் ஓடினேன்.

சனிக்கிழமை பதிவுக்குப் போவேன், முழுக் கடிதத்தையும் வாசிப்பேன். சிவநேசன் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு பதிவு செய்வார். அதற்குப் பிறகு அது அவருடைய கணினியில் இருக்கும், கமிற்றி கூடும், எது போகும், எது போகாது என்று எனக்குத் தெரியாது. நீ ஞாயிறு பின்னேரம் வானொலியைப் போட்டு, இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, என் குரலோடு கூட வாசித்துக்கொண்டு வா. நானும் அப்பாவும் இங்கே கேட்டுக்கொண்டிருப்போம். ஏதாவது ஒரு இடத்தில் என் குரல் நின்று பாட்டு வந்தால், எந்த வரியில் நின்றது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. பிறகு வீட்டுக்கு வா. நீ அன்று செய்தியாளனாக இருந்தாலும் சரி, விளம்பரக்காரனாக இருந்தாலும் சரி, இந்த முறை கமராவை என் பக்கம் திருப்பு. அந்தக் கோட்டிலிருந்து நான் வாசிக்கிறேன்.

உன் அம்மா